முகட்டில் விழும் மழை

எங்கள் ஊரின் பெயரில் உயிரெழுத்து கிடையாது.
ஹ்ர்ஸ்த்.
நான்கு மெய்கள், குளிருக்கு
ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன.
ஒரு கைப்பிடி என்று பொருள்.
எதில் ஒரு கைப்பிடி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
ஓட்ஸா, உப்பா, ஆட்களா.

கடல் மட்டத்துக்கு மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
கடலை இங்கே
உயரம் அளக்க மட்டும்தான் பயன்படுத்துகிறோம்.
ஆனாலும் பதினேழாம் எண் வீட்டின் முகட்டில்
விழும் மழைக்கு இரண்டு கடல் உண்டு.
வடக்குச் சரிவில் இறங்கினால் ஸாஸவா,
பிறகு வெல்டவா, எல்பெ, ஹாம்பர்க்கின் கப்பல்கள்,
வடகடல்.
தெற்கில் இறங்கினால் யிஹ்லவா, டன்யூப்,
மூன்று தலைநகரங்களின் பாலங்களுக்கு அடியில் புகுந்து
கருங்கடல்.
ஓட்டின் மேல் தூங்கும் பூனைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை.
போஹீமியாவில் தலை வைத்து
மொராவியாவுக்குள் வால் நீட்டும்.

ஊர்க் குறிப்பேடு எழுதுவது என் வேலை.
ஆண்டுக்கு மூவாயிரம் கொருனா. பேனா என்னுடையது.
எனக்கு வெகுமுன்னால் எழுதியவர் ஹினெக் டோலெஷல்,
அச்சில் வார்த்த கையெழுத்து.
முப்பதாண்டுப் போரை ஒரே வரியில் கடந்திருக்கிறார்:
"ஸ்வீடியர்கள் வந்தார்கள். ஏமாந்து போனார்கள்."

முப்பத்தொன்பதில் ரயில் நிலையப் பலகையில்
ஓர் இகரம் ஏறியது.
ஹிர்ஷ்ட்.
அப்படிச் சொல்கிறவர்கள் முன்பும் இருந்தார்கள்,
பில்ட்ஸ், லாங், ஸ்டொக்கர்,
பதினொரு குடும்பங்கள்.
அரிவாள் இரவல் கேட்க வரும்போதும்
அந்த எழுத்தோடுதான் வந்தார்கள்,
யாருக்கும் உறுத்தவில்லை.
பலகையில் ஏறிய பிறகுதான்
அது பூட்ஸ் போட்டுக்கொண்டது.
நாற்பத்திரண்டில் ஆலைக்காரர் ஸ்லவிபோர் குஹர்ஷைக்
கூட்டிக்கொண்டு போனது. திருப்பித் தரவில்லை.

நாற்பத்தைந்தில் அதை ஆணியால் சுரண்டி எடுத்தார்கள்.
நாற்பத்தாறில்
அதை உச்சரித்தவர்களையும்.
ஆளுக்கு ஐம்பது கிலோ.

அன்றைய தேதியில் டோலெஷல் எழுதியது:
"மே 23. உறைபனி. செர்ரிப் பூ கருகியது."
அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில்
எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்துவிட்டேன்.
அழித்த தடம் இல்லை. கிழித்த தடம் இல்லை.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

பதினேழாம் எண் அதுவரை பில்ட்ஸ் வீடு.
பிறகு கூட்டுப்பண்ணை அலுவலகம்,
வரப்புகளையெல்லாம் உழுது ஒரே வயலாக்கும் உத்தரவு
அந்தச் சமையலறை மேஜையில்தான் கையெழுத்தானது.
பிறகு உருளைக்கிழங்குக் கிடங்கு.
பிறகு பத்து வருடம் வெறும் கதவு.
இப்போது க்வியெதுஷா நெஸ்வாட்பா இருக்கிறாள்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

காட்டைச் சொல்ல மறந்தேன்.
பட்டைவண்டு வந்து இரண்டு கோடையில்
ஸ்ப்ரூஸ் மரங்கள் நின்றபடியே செத்தன.
வெட்டித் தீர்ந்தபின் தெற்கே
அணுமின் நிலையத்தின் ஆவி தெரிகிறது.
துணி காயப்போடுமுன்
அது சாயும் திசையைப் பார்த்துக்கொள்கிறோம்.

போன வருடம் மழைநீருக்கு மானியம் வந்தது.
கூரைக்காரர் ராட்டிமீர் பெஹால்
இரு சரிவுக்கும் தகர ஓடை பொருத்தி
இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து
ஐயாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் விட்டார்.
கடல்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
ஆகஸ்டில் க்வியெதுஷா
வெள்ளரி ஊறுகாய் இரண்டு பாட்டில் கொடுத்தாள்.
பூண்டு கொஞ்சம் தூக்கல்.

குறிப்பேட்டுக்காகப் பெஹாலைக் கேட்டேன்:
தொட்டி நிரம்பினால் மிச்சத் தண்ணீர்
எந்தப் பக்கம் போகும்?
சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.
"அந்தப் பக்கம்."
ஏன் அந்தப் பக்கம்?
"பாறை கம்மி. தோண்டச் சுலபம்."

தேதி போட்டு, மேற்கோள் குறிக்குள்,
அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.
எந்தப் பக்கம் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது.
இப்போதுதான் கவனிக்கிறேன்.